சைடு போர்

கொஞ்சம் நகந்து உக்காருங்க டீச்சர். டீச்சர்தானே நீங்க? மடியில புஸ்தகம், கையில சிவப்புப் பேனா, பஸ்ஸு இந்தக் குலுக்கு குலுக்குது, அதுலயும் கோடு போட்டுக்கிட்டு வாரீய. வேற யாரு செய்வா? தென்காசி வரைக்குமா? சரி சரி. நான் ஆலங்குளத்துல இறங்கிருவேன்.

அது என்ன படம்? இருங்க, சொல்லாதீய. குவைத்து. இந்தா, இது ஈராக்கு. கீழ பெருசா கெடக்கது சவுதி. எப்படித் தெரியும்னு பாக்கீயளா? நான் எட்டாங்கிளாஸு தாண்டல. ஆனா இந்தப் படத்தை மட்டும் கண்ணைக் கட்டி விட்டாலும் வரைஞ்சு குடுப்பேன். பேப்பர்ல வந்ததை வெட்டி அடுக்களைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன், தொண்ணூறாம் வருசம். தாளிக்கும்போது எண்ணெய் தெறிச்சுத் தெறிச்சு, குவைத்து இருக்க இடம் மட்டும் மஞ்சளாப் போச்சு.

தலைப்பு என்ன போட்டிருக்கு? எரிசக்தி வளங்களும் உலக அரசியலும். ம். பிள்ளைய தூங்காதா? நான் சொல்லுதேன் கேளுங்க, அதை நாளைக்கு வகுப்புல சொல்லுங்க. ஒருத்தி தூங்க மாட்டா.

எங்க வீட்டுல உள்ளவிய குவைத்துல டேங்கர் லாரி ஓட்டுனாவ. டீசல் லாரி. எழுபத்து மூணுல அரபுக்காரங்க எண்ணெய் விலையை ஏத்துனாவல்லா, அதுக்கப்புறம்தான் அங்க பணம் கொட்டுச்சு, ரோடு போடணும், வீடு கட்டணும், ஆளு வேணும்னு கூப்பிட்டாவ. எங்க ஊருல பாதி ஆம்பிளைய அப்படித்தான் போனது. இவிய எண்பத்தஞ்சுல போனாவ. பேரு தவசிமுத்து. நான் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன், உங்களுக்குப் புரியணுமேன்னு சொல்லுதேன்.

இவியளுக்கு ஒரு அண்ணன். வைகுண்டமணின்னு பேரு. அவருதான் இந்தக் கதையில வில்லன். நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க.

அண்ணன் தம்பி நிலம் பிரிச்சப்ப பழைய கிணறு அண்ணன் பக்கம் போயிட்டு. அதுல கரண்டு மோட்டார் உண்டு. எங்க பக்கம் வெறுந்தரை. குவைத்துப் பணத்துல நான் நின்னு ஒரு கிணறு வெட்டுனேன். கரண்டு கேட்டு எழுதிப் போட்டா, வரும் வரும்னு சொன்னாவளே தவிர வரல. அதனால டீசல் இஞ்சின். சரி, இஞ்சின் இருக்கு, தண்ணி வேணும்லா? கிணத்துல அரை மணி நேரம் இறைச்சா தவளை வந்து எட்டிப் பாக்கும்.

அப்பதான் ஒருத்தன் சொன்னான், சைடு போர் போடுங்கக்கான்னு. தெரியும்லா? கிணத்துக்குள்ள மெஷினை இறக்கி, கீழ துளைக்காம, பக்கவாட்டுல பாறைக்குள்ள நீளமா துளை போடுவான். எங்கயாவது ஊத்துக்கண்ணுல போய் இடிக்கும். எந்தப் பக்கம் போடணும்னு அவன் கேட்டான். மேக்க பாத்தா இரும்பு மாதிரிப் பாறை. தெக்க ரோடு. வடக்க சுடுகாடு, அந்தத் தண்ணி நமக்கு வேண்டாம். கிழக்கதான் கல்லு இளக்கம். கிழக்க அண்ணன் கிணறு இருக்குன்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும் டீச்சர்? கிணத்தை நானா அங்க வச்சேன்?

அவரு மக வீட்டு வளைகாப்புக்குக் குடும்பத்தோட மதுரைக்குப் போயிருந்த சமயம். வேணும்னே அந்த நாளாப் பாத்துப் போடல. மெஷின்காரனுக்கு அன்னைக்குத்தான் தோது.

தண்ணி வந்துச்சு பாருங்க, கன்னுக்குட்டி துள்ளுத மாதிரி துள்ளிக்கிட்டு வந்துச்சு.

கொஞ்ச நாள் போச்சு. அவரு வரப்புல வந்து நிக்காரு. "ஏம்மா செல்லக்கனி, நம்ம கிணத்துல தண்ணி இறங்கிருக்கே, உன் கிணத்துலயும் அப்படியா?"ன்னு கேக்காரு. எவ்வளவு தைரியம் இருந்தா என்னைய அப்படிக் கேப்பாரு? எனக்கு வந்துதே கோவம். "பூமிக்குள்ள போற தண்ணிக்கு உங்க பேரு என் பேருன்னு எழுதி ஒட்டியிருக்கா அத்தான்? கடவுளு குடுக்காரு, வாங்குதேன். புருசன் வெளிநாட்டுல இருக்கான்னு தனியா இருக்கவள விசாரணை பண்ண வந்துட்டீயளோ"ன்னு ஒரு பிடி பிடிச்சேன். மனுசன் தலையைத் தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு. குத்தம் உள்ளவருதானே அப்படிப் போவாரு? அன்னையில இருந்து அவருகிட்ட நான் பேச்சை நிறுத்திட்டேன்.

இப்படி இருக்கையிலதான் தொண்ணூறு ஆகஸ்டு. டீக்கடை ரேடியோவுல போரு போருன்னு சொல்லுதான். எங்க ஊருல போருன்னா கிணத்துல போடுததுதான். எவனோ என்னையப் பத்தி ரேடியோவுக்கே சொல்லிட்டான் போலிருக்குன்னு ஒரு நிமிசம் பதறிப் போனேன். அப்புறம் பாத்தா ஈராக்கு பட்டாளம் குவைத்துக்குள்ள புகுந்துட்டாம். ராத்திரியோட ராத்திரியா நாட்டையே பிடிச்சுட்டானாம்.

ஊரே அந்த டீக்கடை முன்னால நிக்கி. அந்த வில்லனும் ஒரு ஓரத்துல நிக்காரு. ரேடியோவுல காரணம் சொல்லுதான். குவைத்துக்காரன் தன் எல்லையில நின்னுக்கிட்டு, துளையைச் சாய்ச்சுப் போட்டு, ஈராக்கு பக்கத்து எண்ணெயை உறிஞ்சிட்டான்னு ஈராக்கு குத்தம் சொல்லுதாம். எனக்குத் தாங்கல. "அடப்பாவி! அடுத்தவன் பூமிக்குள்ள துளையப் போட்டு எடுக்கதா? இதெல்லாம் ஒரு பிழைப்பா? நல்ல குடும்பத்துல பிறந்தவன் செய்வானா?"ன்னு சத்தமா கேட்டேன். ஊரே அவரைத் திரும்பிப் பாத்துது. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? என்னையப் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, கடைக்காரன் தண்ணி குடுத்தான். கூடப் பிறந்த தம்பி சண்டைக்குள்ள மாட்டியிருக்கான், அவருக்குச் சிரிப்பு வருது. எப்படிப்பட்ட மனுசன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரு கவலையும் இல்ல. எங்க வீட்டு ஆளு கெட்டிக்காரன், எப்படியும் வந்துருவாவன்னு தெரியும். அதனால நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்தேன். குழம்புல உப்பு ரெண்டு மட்டம் விழுந்துச்சு. மாட்டுக்கு வச்ச கழனித் தண்ணியில டீத்தூளைப் போட்டுட்டேன். அது வெயில். அந்த வருசம் வெயில் ஜாஸ்தி. ரேடியோ ஒண்ணு வாங்குனேன், தூங்கும்போதும் தலைமாட்டுலதான். பேட்டரி தீந்தா வெயில்ல காய வச்சுத் திரும்பப் போடுவேன். கவலைன்னு இல்ல, செய்தி கேட்டா அறிவு வளரும்லா?

போன் கிடையாது, தபால் கிடையாது. ஆளுக்கு ஒரு கதை. ரோட்டுல டேங்கர் லாரியளை எல்லாம் பட்டாளம் பிடுங்கிட்டான்னு ஒருத்தன். எரிச்சுட்டான்னு இன்னொருத்தன். நம்ம ஆளுகளை எல்லாம் பாலைவனம் வழியா ஜோர்டானுக்கு அனுப்புதான், அங்கேயிருந்து ஏரோப்ளேன்ல பம்பாய்க்குக் கொண்டு வாரான்னு சொன்னாவ. அது நிசம். ஆனா நம்ம ஆளு அதுல இருக்காவளான்னு யாருக்குத் தெரியும்?

சவுதிக்குத் துணைக்கு வாரேன்னு அமெரிக்காக்காரன் கப்பல் கப்பலா வந்து இறங்குதான். எனக்கு அப்பவே ஒரு விசயம் புரிஞ்சு போச்சு டீச்சர். எண்ணெய் இருக்க வீட்டுக்குத்தான் எல்லாரும் துணைக்கு ஓடி வருவான். வெறும் மண்ணு இருக்க இடத்துல சண்டை வந்தா, ரெண்டு தரப்பும் அமைதி காக்கணும்னு ஒரு அறிக்கை விட்டுட்டு சாப்பிடப் போயிருவான். இது உங்க புஸ்தகத்துல இருக்கா? இல்லைன்னா எழுதிக்கிடுங்க. என் பேரு போட வேண்டாம்.

இதுக்குள்ள இங்க டீசல் இல்ல. அங்க சண்டை, இங்க தட்டுப்பாடு. விலை ஏறப் போகுதுன்னு பேச்சு வந்ததும் பங்க்குல ஆளாளுக்கு கேனைத் தூக்கிட்டு வரிசை நிக்காவ. என் தோட்டத்துல ஒரு ஏக்கர் கத்தரி பூவும் பிஞ்சுமா நிக்கி. கிணத்துல தண்ணி கெடக்கு. இஞ்சினுக்குக் குடிக்க டீசல் இல்ல. எங்கயோ குவைத்துல ஒருத்தன் இன்னொருத்தன் வீட்டுக்குள்ள புகுந்தான், என் கத்தரிச் செடி இங்க தலையைத் தொங்கப் போடுது. இதைத்தானே உங்க பாடத்துல சொல்லுதீய?

அவருக்கு என்ன? கரண்டு மோட்டார். விவசாயத்துக்குக் கரண்டு இலவசம்னு வேற சொல்லியாச்சு. பட்டனை அமுக்குனா தண்ணி. ஒரு நாள் அவரு பெஞ்சாதி பூரணத்தக்கா வந்து, "செல்லக்கனி, நம்ம மோட்டார்ல இருந்து உன் கிணத்துக்கு ஒரு வயரு இழுத்துக்கிடச் சொன்னாவ, பயிரு வாடுதேன்னு"ங்காவ. நான் விட்டுருவேனா? துணைக்கு வாரேன்னு உள்ள வாரவன் எப்ப வெளிய போவான்? சவுதியில இறங்குன அமெரிக்காக்காரன் போயிட்டானா? இன்னைக்கு வயரு வரும், நாளைக்கு அது வழியா ஆளு வரும், நாளை மறுநாள் கிணத்தை எட்டிப் பாப்பாரு. "வேண்டாம்க்கா. எங்க வீட்டுக்காரவிய டீசல் லாரி ஓட்டுதாவ. எனக்கு டீசலுக்குப் பஞ்சமா?"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சொல்லிட்டு உள்ள போய் கொஞ்ச நேரம் சுவத்துல இருந்த படத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். சும்மாதான்.

அதுக்கப்புறம் அவரு ஆளையே காணோம். வரப்புல இல்ல, டீக்கடையில இல்ல. எங்கக்கான்னு கேட்டா பூரணத்தக்கா, "ஒரு சோலியா போயிருக்காவ"ங்காவ, முகத்தைத் திருப்பிக்கிடுதாவ. வெங்காயம் விலை பேச திண்டுக்கல்லுக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன். தம்பி இருக்கானா இல்லையான்னு தெரியல, இவருக்கு வெங்காயம்.

ஒரு நாள் விடியக்காலம் தோட்டத்துக்குப் போறேன், என் வாய்க்கால்ல தண்ணி ஓடுது. சலசலன்னு. கிழக்கேயிருந்து வருது. பாத்தா அவரு வரப்புல மடை தொறந்து கெடக்கு, மோட்டார் ஓடுது. பூரணத்தக்கா முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு மண்வெட்டியோட நிக்காவ. "அக்கா, மடை உடைஞ்சு கெடக்கது கூடத் தெரியாம நிக்கீய! என் கத்தரி அழுகிப் போனா யாரு பொறுப்பு?"ன்னு சத்தம் போட்டேன். அவிய, "தெரியாமப் போச்சு புள்ள, அடைக்கேன்"னாவ. ஆனா அடைக்கல. நாலு பாத்தி நனையுத வரைக்கும் மெதுவா அடைச்சாவ. மறுநாளும் அதே இடத்துல உடைஞ்சுது. அதுக்கு மறுநாளும். கரையைக் கட்டத் தெரியாத குடும்பம் டீச்சர். சரி, சும்மா வந்த தண்ணியை ஏன் வீணாக்கணும்னு நானும் பாத்திக்குத் திருப்பி விட்டேன்.

இருந்தாலும் நான் டீசலுக்கு வரிசை நிக்கதை விடல. எனக்குன்னு ஒரு மானம் இருக்குல்லா? அன்னைக்கும் ஆலங்குளம் பங்க்குல நிக்கேன். காலையில வந்து நின்னவ, வெயில் உச்சிக்கு வந்துட்டு. எனக்கு முன்னால ரெண்டே பேரு. மதுரை பஸ்ஸு ஒண்ணு வந்து எதிர்த்தாப்புல நிக்கி. அதுல இருந்து அண்ணன்காரரு இறங்குதாரு. பின்னாலயே ஒரு தாடிக்காரன் இறங்குதான். மெலிஞ்சு, கறுத்து, பெரிய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு. வெங்காய வியாபாரிபோலன்னு நினைச்சேன். அந்தச் சட்டையை எங்கயோ பாத்திருக்கமேன்னு பாக்கேன். அது அண்ணன்காரரு சட்டை. உள்ள இருக்கது...

ரோட்டைத் தாண்டி வந்தாவ. எனக்கு முன்னால வந்து நின்னாவ.

"என்னட்டி, இங்க நிக்க?"

"டீசலுக்கு."

வேற என்ன சொல்ல? கேட்டதுக்குப் பதிலு அதானே?

"கிடைக்குமா?"

"முன்னால ரெண்டு பேருதான். இதைப் பிடிங்க. இடத்தை விட்டுறாதீய, பின்னால நிக்கவன் பொல்லாதவன்."

கேனை அவிய கையில குடுத்துட்டு பங்க்குக்குப் பின்னால போயிட்டேன். டீசல் வாடை கண்ணுல ஏறிட்டு. அங்க ஒரு குழாய் இருந்துச்சு. முகத்தைக் கழுவுதேன், கழுவுதேன், எரிச்சல் போகமாட்டேங்குது. திரும்பி வந்து பாத்தா, டீசல்லயே நீந்துன மனுசன், அந்த நாட்டுல இருந்து உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்த மனுசன், வெறுங் கேனைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில ஒழுங்கா நிக்காவ. பங்க்குக்காரன் அவியளைப் பாத்து, "வெளியூரா? ஆளுக்கு அஞ்சு லிட்டர்தான்"ங்கான். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அந்த எரிச்சலும் திரும்ப வந்துச்சு.

வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டேன். தட்டைத் தொடல. சொம்புத் தண்ணியைக் குடிச்சாவ, இன்னொரு சொம்பு குடிச்சாவ. அப்புறம்தான் பேசுனாவ. லாரியைப் பட்டாளம் எடுத்துக்கிட்டான். பஸ்ஸுல ஏறி, நடந்து, ஈராக்கைத் தாண்டி ஜோர்டான் எல்லையில ஒரு பொட்டக்காட்டுல கூடாரம் போட்டு உக்கார வச்சிருக்கான். "பூமிக்கடியில எண்ணெய் கடலா கெடக்கு செல்லக்கனி. மேல ஒரு வாய் தண்ணிக்கு மனுசன் மனுசனை மிதிக்கான். தண்ணி லாரி வந்தா பிள்ளையளைத் தூக்கித் தலைக்கு மேல பிடிப்பாவ, நசுங்கிரக் கூடாதேன்னு. நானும் ஒருத்தனைத் தள்ளிட்டுக் குடிச்சேன்"னு சொன்னாவ. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல.

அண்ணன்காரரு கதை கேளுங்க. திண்டுக்கல்லு இல்லையாம். பம்பாய். விமான நிலையத்து வாசல்லயே கெடந்திருக்காரு. இந்தி தெரியாது, இங்கிலீசு தெரியாது. ஒவ்வொரு ஏரோப்ளேன் வரும்போதும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு "தவசி! ஏலேய் தவசி!"ன்னு கத்துவாராம். போலீசு விரட்டுவான், திரும்ப வந்து நிப்பாராம். இவிய வெளிய வந்தப்ப தொண்டை கட்டி சத்தமே வரல, கையை மட்டும் ஆட்டுனாராம். பூரணத்தக்கா கழுத்துச் சங்கிலியை வச்சுத்தான் ரயிலுக்குப் போனாராம். எனக்கென்னமோ, மனுசனுக்கு ரொம்ப நாளா பம்பாய் பாக்கணும்னு ஆசை இருந்திருக்கும்னு தோணுது. இதான் சாக்குன்னு போயிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா? இல்ல. கேட்டா, "சொல்லிட்டுப் போய் ஆளில்லாமத் திரும்பி வந்தா அந்தப் பிள்ளை முகத்துல எப்படி முழிக்க"ன்னு பூரணத்தக்காகிட்ட சொன்னாராம். சமாளிப்பு.

மறுநாளே அண்ணனும் தம்பியும் சேந்துக்கிட்டாவ. அவரு மோட்டார்ல இருந்து எங்க கிணத்துக்கு வயரு இழுக்கதுன்னு முடிவு பண்ணிட்டாவ. என்னைய யாரும் கேக்கல. கிணறு வெட்டுனது நான், வரிசை நின்னது நான், ஒப்பந்தம் போடுதது ஆம்பிளைய ரெண்டு பேரும். உலகத்துல எல்லா ஒப்பந்தமும் இப்படித்தானே போடுதாவ டீச்சர்? யாரு பூமியோ அவளைக் கேக்க மாட்டாவ.

வயரு இழுத்து, மோட்டார் மாட்டி, பட்டனை அமுக்குனா தண்ணி நூலு மாதிரி வருது. மூணு பேரும் கிணத்தை எட்டிப் பாக்கோம். துளை வாயி கிழக்கே பாத்து ஆன்னு திறந்து கெடக்கு. இவிய துளையைப் பாக்காவ. அப்புறம் கிழக்க அண்ணன் கிணத்தைப் பாக்காவ. அப்புறம் என்னையப் பாக்காவ. நான் முருங்கை மரத்தைப் பாத்தேன். அந்த வருசம் நல்ல காய்ப்பு.

அவரு மட்டும் சாவகாசமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "துளைக்குள்ள மண்ணு அடைச்சிருக்கு தவசி. உன் பக்கம் இருந்து குத்துனா வராது. என் கிணத்துல ஆளை இறக்கி, அந்தப் பக்கத்துல இருந்து கம்பி விட்டாத்தான் சுத்தமாகும். ரெண்டு வருசமா நான் ரெண்டு தடவை அப்படித்தான் அடைப்பு எடுத்து விட்டேன்"னாரு.

இவிய அண்ணன் கையைப் பிடிச்சாவ. பிடிச்ச கையை விடல.

அவரு சொன்ன மாதிரியே ஆளை இறக்கிக் கம்பி விட்டாவ. தண்ணி பீச்சி அடிச்சுது. அந்தக் கத்தரியை நீங்க பாத்திருக்கணும், ஒவ்வொண்ணும் கைக்குழந்தை தலை கணக்கா. சண்டை முடிஞ்சு குவைத்துல இருந்து திரும்பக் கூப்பிட்டாவ. இவிய போகல.

ஆலங்குளம் வந்துட்டு, நான் இறங்கணும். ஒண்ணு சொல்லுதேன் டீச்சர், வகுப்புல சொல்லும்போது எங்க ஊரு பேரை மட்டும் சொல்லிறாதீய. அவரு இப்பவும் இருக்காரு, கண்ணு கொஞ்சம் மங்கல், மத்தபடி திடமாத்தான் இருக்காரு. அந்தத் துளை அவரு பக்கம்தான் போகுதுன்னு இன்னைக்கு வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாது. வயசான காலத்துல தெரிஞ்சா, பாவம், தாங்க மாட்டாரு.